மூன்று விடைத்தாளில் ஒரே விடை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். நிருபராக இருக்கிறார். "சார், கம்பெனி பிரஸ் மீட்டில் கவர் கொடுக்கிறார்கள். எல்லாரும் வாங்குகிறார்கள். வேண்டாம் என்றால் கேலி செய்கிறார்கள். பெட்ரோல் காசுதானே, வாங்கினால் என்ன தப்பு?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். மூன்று தாளில் வரி மாறாமல் ஒரே விடை இருந்தால் விசாரிக்காமல் விடமாட்டேன். 2009 மகாராஷ்டிரத் தேர்தலின்போது அப்படித்தான் நடந்தது. அன்றைய முதல்வர் அசோக் சவானைப் புகழ்ந்து, போட்டிப் பத்திரிகைகளான மராத்தி நாளிதழ்களில் ஒரே கட்டுரை அச்சு அசலாக வந்தது. 'தி இந்து'வில் பி. சாய்நாத் அதை வெளியே கொண்டுவந்தார். நாளிதழ் விளம்பரத்துக்கு முதல்வர் காட்டிய செலவுக் கணக்கு 5,379 ரூபாய்! தேர்தல் ஆணையம் 2014-ல் அனுப்பிய நோட்டீஸைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.  ஆனால் வெவ்வேறு அலுவலகங்களில் ஒரே கட்டுரை எப்படி உதித்தது என்பதற்கு வாசகனுக்கு இன்றுவரை பதில் இல்லை.

காசுக்குச் செய்தி விவகாரத்தை விசாரிக்க இந்திய பிரஸ் கவுன்சில் இருவர் குழு போட்டது. அவர்கள் பெயர் சொல்லியே 71 பக்கம் எழுதினார்கள். கவுன்சில் 2010-ல் பெயர்கள் இல்லாத சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. முழு அறிக்கை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால்தான் 2011-ல் வெளிவந்தது. ஊரையெல்லாம் கேள்வி கேட்பவர்கள், தங்கள் வீட்டு அழுக்கை மட்டும் துணி போட்டு மூடினார்கள்.

முதலாளிகள் கதை இன்னும் பெரிது. விளம்பரத்துக்குப் பணம் வாங்காமல், விளம்பரம் தரும் கம்பெனியின் பங்கையே வாங்கும் ஏற்பாட்டைப் பெரிய பத்திரிகை நிறுவனங்கள் செய்தன. கையில் பங்கு இருக்கும்போது அந்தக் கம்பெனியின் குறையை எழுதக் கை வருமா? அப்படிப் பங்கு இருந்தால் செய்தியிலேயே வாசகனுக்குச் சொல்லுங்கள் என்று செபியே 2010-ல் சொல்ல வேண்டியதாயிற்று.

"விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடக்குமா?" என்பீர்கள். நடக்காது. 'விளம்பரம்' என்று தலையில் போட்டு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் வெளியிடட்டும். அதற்குச் செய்தி வேஷம் கட்டுவதுதான் மோசடி. "சம்பளம் குறைவு" என்பீர்கள். உண்மைதான். அதைக் கேட்க வேண்டிய இடம் முதலாளியின் அறை. கம்பெனிக்காரனின் கவரில் அதை ஈடுகட்டினால் முதலாளிக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம். நஷ்டம் வாசகனுக்கு.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமை ஆசிரியராக இருந்தபோது, ஆண்டு விழாவுக்கு வந்த நிருபருக்குச் சாப்பாட்டோடு ஒரு கவரும் கொடுத்தேன். மறுநாள் படத்தோடு செய்தி வந்தது. அடுத்த வருடம் கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் பெண் பிள்ளைகள் இரண்டு மாதம் அவதிப்பட்டார்கள். அவருக்குத் தெரியும், எழுதவில்லை. அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வகுப்பில் படித்த பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். மன்னித்துவிடுங்கள் அம்மா.

கவர் கொடுப்பவன் விலைக்கு வாங்குவது செய்தியை மட்டும் இல்லை, நாளைய மௌனத்தையும்தான்.

தம்பி, கேலி செய்தால் செய்யட்டும். கவரைத் திருப்பிக் கொடு.