உபகாரச் சம்பளக்காரரும் முத்திரைத் தீர்வையும்

முப்பது வருஷ காலம் ஆலையிலோ ஆபீஸிலோ உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர், கையில் கிடைத்த கிராஜுவிடிப் பணத்தைக் கொண்டு, வாடகைத் தொல்லையிலிருந்து விடுபடச் சிறு வீடொன்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டின் மதிப்பு 20 லட்சம் ரூபாய். தமிழ் நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 5. அதன்மேல் மாற்றுத் தீர்வை 2. பதிவுக் கட்டணம் 2. ஆக, சாவி கைக்கு வருமுன் அவர் சர்க்காருக்குச் செலுத்த வேண்டியது 1,80,000 ரூபாய்.

தொழிலாளர் சேமநிதித் திட்டத்தின்கீழ் குறைந்தபட்ச உபகாரச் சம்பளம் 2014-ஆம் வருஷத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்த விகிதப்படி பார்த்தால், மேற்சொன்ன தொகை 15 வருஷத்து உபகாரச் சம்பளமாகும்! கிராஜுவிடி பெறும்போது, சட்ட வரம்புக்குள் அதற்கு வருமான வரி வேண்டாமென்று ஒரு சட்டம் இரக்கம் காட்டுகிறது. அதே பணம் கூரையாக மாறும்போது மற்றொரு சட்டம் வாசலில் நின்று கை நீட்டுகிறது. இது என்ன நியாயமோ நமக்கு விளங்கவில்லை.

இம்மாதிரி விஷயத்தில் பிற தேசத்தார் செய்திருப்பதைக் கவனிப்பது தகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா ராஜ்யத்தில், உபகாரச் சம்பள அட்டை பெற்ற ஒருவர் தாம் குடியிருப்பதற்கென வாங்கும் வீடு 6 லட்சம் டாலர் மதிப்புக்கு மேற்படாவிட்டால் தீர்வை முழுதும் தள்ளுபடி. அதற்கு மேல் 7 லட்சத்து 50 ஆயிரம் வரை ஒரு பகுதி தள்ளுபடி. ஆயுளில் ஒரே முறைதான் இச்சலுகை. யோக்கியதை இன்னது, வரம்பு இன்னது என்று தெளிவாக வகுத்திருப்பதால், விண்ணப்பிப்பவர் யாருடைய தயவையும் நாட வேண்டியதில்லை.

நமது ராஜ்யத்தில் உபகாரச் சம்பளக்காரர் என்ற வகுப்புக்கு இத்தகைய பொதுச் சலுகை ஏதுமில்லை. சட்டம் இடங்கொடாது என்று யாரும் சொல்ல முடியாது. 1899-ஆம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டம் வெள்ளையர் இயற்றியது. வருமானமே அதன் நோக்கம். அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுகூட, ஒரு குறிப்பிட்ட வகுப்பினருக்குத் தீர்வையைக் குறைக்கவோ அடியோடு தள்ளவோ சர்க்காருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சட்டசபையில் மசோதா வேண்டியதில்லை. கெஜட்டில் ஓர் உத்தரவு போதும். அன்னிய ஆட்சி எழுதி வைத்த தயவை நம்மவர் ஆட்சி பிரயோகிக்கத் தயங்குவானேன்?

மேலும், வகுப்பு பார்த்துச் சலுகை தருவது நமக்குப் புதிதன்று. பெண்கள் பேரில் வாங்கப்படும் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒன்று 2025 ஏப்ரல் முதல் தேதி தொட்டுக் குறைக்கப்பட்டது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். டில்லியில் பெண்களுக்கு முத்திரைத் தீர்வையே குறைவு. தொழிற்சாலை நிறுவுகிற முதலாளிக்கும் 2021-ஆம் வருஷத்துத் தொழிற் கொள்கை முத்திரைத் தீர்வைச் சலுகை வகுத்தது. முதலாளிக்கு இடமிருக்கும் பந்தியில் முதியவருக்கு மட்டும் இலை இல்லையா?

வருமானம் குறையும் என்று பொக்கிஷ அதிகாரிகள் சொல்வார்கள். எந்தச் சலுகைக்கும் முதலில் எழும் குரல் அது. பஞ்சாயத்துகளுக்கும் நகரசபைகளுக்கும் உரிய மாற்றுத் தீர்வையை நாம் கேட்கவில்லை. பதிவுக் கட்டணமும் இருக்கட்டும். நாம் கேட்பது அந்த நூற்றுக்கு 5 மாத்திரமே. மகன் பணத்தில் தகப்பனார் பேரில் வாங்கும் தந்திரம் நடக்கும் என்ற ஆட்சேபத்தில் மட்டும் சாரமுண்டு. அதற்குப் பரிகாரமும் உண்டு: வேறு வீடில்லாதவருக்கே சலுகை; மதிப்புக்கு ஓர் உச்ச வரம்பு; ஐந்து வருஷத்துக்குள் விற்றாலோ தானம் எழுதினாலோ தள்ளிய தீர்வையை வட்டியுடன் வசூலிப்பது.

ஒன்றை மட்டும் இப்போதே வற்புறுத்துகிறோம். முழுத் தீர்வையையும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு மனுப் போட்டுத் திரும்பப் பெறலாம் என்று உத்தரவு அமையக் கூடாது. எழுபது வயதுக்காரரை ஆபீஸுக்கு ஆபீஸ் அலைய வைப்பது சலுகையாகாது. உபகாரச் சம்பள உத்தரவின் நகல் ஒன்று, வேறு வீடில்லை என்ற பிரமாண வாக்குமூலம் ஒன்று. இவ்விரண்டையும் பத்திரத்தோடு தாக்கல் செய்தால், சப்-ரிஜிஸ்திரார் மேஜையிலேயே தீர்வை கழிய வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் இந்த உத்தரவைப் பிறப்பிக்க மந்திரிசபை முன்வருமா?