லாங் பஜார் சத்தம் காலர் மைக்கில் அடங்குமா? பட்ஜெட் ஸ்டீரியோ மைக் வாங்கும் முன்...

வேலூர் லாங் பஜாரில் காலை 11 மணிக்கு நின்றால் காதுக்கு ஓய்வே கிடையாது. இடது பக்கம் லோடு ஆட்டோ ஹாரன், வலது பக்கம் மூட்டை தூக்கி வருபவரின் ‘ஓரம்... ஓரம்...’, நடுவில் விலை கூவும் குரல். கண்ணை மூடிக்கொண்டாலும் எது எங்கே நடக்கிறது என்று தெரியும். அதையே போனில் ரெக்கார்டு செய்து கேட்டால், எல்லாம் ஒன்றாகக் குழைந்து வெறும் இரைச்சலாக வருகிறது. ‘நல்ல மைக் போட்டா சரியாயிடும்’ என்று பலரும் ஆன்லைனில் வாங்குவது, சட்டையில் குத்தும் வயர்லெஸ் காலர் மைக்கை. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காலர் மைக், ஒருவரின் பேச்சைப் பிடிக்க வந்த பொருள். பேட்டிக்கு அது போதும். தெருவையோ, மேளத்தையோ, கச்சேரியையோ பிடிக்க இரண்டு காதுகள் வேண்டும். பிரிட்டனின் ஆலன் ப்ளம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1931-ல். இன்று ஜூம் எச்1என் போன்ற கையடக்க ரெக்கார்டர்களில் இரண்டு மைக் தலைகள் 90 டிகிரியில் குறுக்காக நிற்கின்றன. இதை எக்ஸ்-ஒய் அமைப்பு என்பார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் இருப்பதால், போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டாலும் சத்தம் கெடாது. ரீல்ஸ் போடுபவர்களுக்கு இது பெரிய விஷயம். நல்ல வயர்லெஸ் செட்டுக்குக் கொடுக்கும் காசோடு கொஞ்சம் சேர்த்து, இப்படி ஒரு ரெக்கார்டர் வாங்குவதே புத்திசாலித்தனம்.

‘ஸ்டீரியோ’ என்று அட்டையில் இருந்தால் போதுமா?

போதாது. போனின் 3.5 மி.மீ. ஜாக்கில் மைக்குக்கு இருப்பது ஒரே ஒரு இணைப்பு. கேமராவுக்கான ஸ்டீரியோ மைக்கை அதில் செருகினால் மோனோதான் கிடைக்கும். சில நேரம் போன் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. யுஎஸ்பி-சி மைக் ஸ்டீரியோ தரும். ஆனால், போனில் உள்ள ஆப் அதை ஏற்க வேண்டும். சோதிப்பது சுலபம்: ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் இடது பக்கம் ஒரு சொடக்கு, வலது பக்கம் ஒரு சொடக்கு. இரண்டும் நடுவிலேயே கேட்டால் பொருளைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

உண்மையான சோதனை வைகாசி முதல் நாளில் இருக்கிறது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருடத்துக்கு ஒரு நாள்தான். ‘கிட்ட போனாதான் கிளியரா இருக்கும்’ என்று மேளத்தின் முன்னால் மைக்கை நீட்டினால், வீட்டுக்கு வந்து கேட்கும்போது ஒவ்வொரு அடியும் கிழிந்திருக்கும். அதை எந்த ஆப்பாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. அடுத்த வைகாசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2024-ல் வந்த ஜூம் எச்1எசென்ஷியலில் 32-பிட் ஃப்ளோட் இருக்கிறது, லெவலே வைக்க வேண்டாம் என்கிறார்கள். பாதி உண்மை. பதிவாகும் கோப்பு தாங்கும். மைக் தலை 120 டெசிபல் வரைதான் தாங்கும். அதனால் நாலு எட்டு பின்னால் நிற்பதே நல்லது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். வாய்ப்பிருந்தால் முதல் மாடி வராண்டா இன்னும் நல்லது. கீழே ஊர்வலம் இடமிருந்து வலமாக நகர்வது காதிலேயே தெரியும்.

பழைய மாடல் என்றால், ஆட்டோ லெவலை முதலில் அணைத்துவிட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் சத்தத்தை அமுக்கி, இடைவெளியில் கூட்டத்தின் இரைச்சலை ஏற்றிவிடும் வேலை அது. மேளம் உச்சத்தில் இருக்கும்போது மீட்டர் மைனஸ் 12-ஐ ஒட்டி நின்றால் போதும். மைக்குக்கு ரோமக் கவசம் கட்டாயம். ஆடிக் காற்றுக்கு வெறும் ஸ்பாஞ்ச் நிற்காது.

மேடைக் கச்சேரி வேறு கதை. பாட்டு முழுக்க ஸ்பீக்கர் பாக்ஸ் வழியாக வரும் இடத்தில் ஸ்டீரியோ மைக்குக்குப் பெரிய வேலை இல்லை. சவுண்டு சர்வீஸ் அண்ணனிடம் கேட்டு மிக்ஸரில் இருந்து ஒரு ஒயர் எடுத்துக்கொண்டு, மைக்கைக் கைத்தட்டலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

புது மைக்கை நேரே திருவிழாவுக்கு எடுத்துப்போவதைவிட, ஒரு காலை லாங் பஜாரில் பத்து நிமிடம் ஹெட்போனோடு நின்று பார்க்கலாம். ஆட்டோ எந்தக் காதில் நுழைந்து எந்தக் காதில் வெளியேறுகிறது என்று கேட்டால், மைக்கைத் தலைகீழாகப் பிடித்திருப்பதுகூட அங்கேயே தெரிந்துவிடும்.