கண்ணை மூடுங்க... காதைத் திறங்க!

மாமல்லபுரம் சிற்பக் கூடங்கள் பக்கம் நடந்திருக்கீங்களா பாஸ்? காலையில ஆரம்பிக்கிற உளிச் சத்தம் சாயங்காலம் வரை ஓயாது. ஆனா, உளியை எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. கல்லைத் தட்டிக் கேட்கறது! மணி மாதிரி கணீர்னு ஒலிச்சா ஆண் கல். வெண்கலத் தாளம் மாதிரி ஒலிச்சா பெண் கல். சத்தமே வரலைன்னா சாமி சிலைக்கு ஆகாதுன்னு ஒதுக்கிடுவாங்க. கல்லு பார்க்க எவ்வளவு அழகா இருந்தாலும் கடைசித் தீர்ப்பு காதோடதுதான்.

லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வாங்கப் போறவங்களுக்கும் இதே வித்தைதான் முதல் பாடம். பெட்டியோட பக்கவாட்டில் விரல் முட்டியால தட்டிப் பாருங்க. என்ன, இங்கே ரூல் அப்படியே உல்ட்டா! 'டொங்'னு பெட்டி பாடினா வேணாம். 'டப்'னு ஊமையா இருக்கணும். பாட வேண்டியது உள்ளே இருக்கிற கூம்புதான். பெட்டியும் கூட சேர்ந்து அதிர்ந்தா, பாட்டுல இல்லாத ஒரு முனகல் எல்லாப் பாட்டிலும் ஒட்டிக்கும்.

திடீர்னு ஏன் இந்த ஸ்பீக்கர் புராணம்? காரணம் என் மாமா. மாமல்லபுரத்தில் கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. வாழ்க்கை முழுக்க டேப் ரெக்கார்டரில் இளையராஜா கேட்டவர், ரிட்டையர்மென்ட் பணம் வந்ததும் 'ரெண்டு லட்சத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்'னு கிளம்பிட்டார். உப்புக் காத்துல கம்பி துருப்பிடிச்சு மொட்டை மாடி ஒழுகுது. "முதல்ல கூரை, அப்புறம் பாட்டு"னு அத்தை ஒரே பிடி. மாமா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. "மாப்ளே, நீதானே இன்ஜினீயரிங் படிக்கிறே... வந்து கேட்டுச் சொல்லு"னு என்னை இழுத்தார். செங்கல்பட்டில் எலெக்ட்ரிக் டிரெய்ன் பிடிச்சு சென்னையில ஒரு ஷோரூமுக்குப் போனோம்.

கடை அண்ணன் ரெண்டு ஜோடி காட்டினார். ஒண்ணு இடுப்பு உயர டவர், ரெண்டு லட்சம். இன்னொண்ணு ஸ்டாண்டு மேல வைக்கிற குட்டி, தொண்ணூறாயிரம். டவர்ல கண்ணாடி உடையற எஃபெக்ட், இடி முழக்கம்னு போட்டார். மாமா கண்ணு அப்படியே விரிஞ்சுது!

இங்கேதான் மேட்டரே இருக்கு. ஒரே மாதிரி ரெண்டு சத்தத்தில் ஒண்ணு லேசா கூடுதலா ஒலிச்சாலும், நம்ம காது அதைத்தான் 'தெளிவா இருக்கு, ஆழமா இருக்கு'னு சொல்லும். சத்தம் கூடினதாவே தோணாது. ஒரே வாட்ஸ் கரன்ட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் 84 டெசிபல் கொடுக்கும், இன்னொண்ணு 87 கொடுக்கும். அந்த 3 டெசிபலைச் சரிக்கட்ட, முதலாவதுக்கு ரெண்டு மடங்கு பவர் வேணும். வால்யூம் திருகைத் தொடாம மாத்தி மாத்திப் போட்டா, 87தான் ஜெயிக்கும். போட்டி தொடங்கறதுக்கு முன்னாடியே மேட்ச் ஃபிக்ஸிங்!

அதனால ஒரே இரைச்சல் சிக்னலை ரெண்டிலும் ஓட விட்டு, மாமா உட்காரப் போற இடத்தில் என் போனை வச்சு, ரெண்டும் ஒரே அளவு காட்டற மாதிரி வால்யூமைக் குறிச்சுக்கிட்டேன். போன் ஆப் துல்லியமெல்லாம் இல்லை. ஆனா, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடத் தாராளமாப் போதும்.

அடுத்தது கண்ணு. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்களோட ஹார்மன் கம்பெனி ஊழியர்கள் 40 பேரை உட்கார வச்சு ஒரு சோதனை பண்ணினாங்க. திரைக்குப் பின்னாடி வச்சுக் கேட்டப்ப ஒரு மார்க், கண்ணால பார்த்துக்கிட்டே கேட்டப்ப வேற மார்க்! பெருசா, காஸ்ட்லியா தெரிஞ்சதுக்கு மார்க் ஏறிச்சு. சின்ன பிளாஸ்டிக் செட்டுக்கு இறங்கிடுச்சு. ஸ்பீக்கர் செய்யற கம்பெனி ஆளுங்களுக்கே இந்த கதின்னா, நம்ம மாமா எம்மாத்திரம்?

துண்டை எடுத்து மாமா கண்ணைக் கட்டிட்டேன். கடையே வேடிக்கை பார்த்துது. பாட்டு நாங்க கொண்டு போனது. மாமாவுக்கு மனப்பாடமான 'ஹவ் டு நேம் இட்' (1986), அதில் வி.எஸ்.நரசிம்மனோட வயலின். அடுத்து ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். இடி, கண்ணாடியெல்லாம் நிஜத்தில் எப்படி ஒலிச்சதுன்னு யாருக்குத் தெரியும்? மிருதங்கம் நமக்குத் தெரியும். தொப்பியில் விரலை அழுத்தி இழுக்கறப்போ ஒரு 'கும்கி' குழையுமே... மட்டமான ஸ்பீக்கர்ல அது வெறும் 'தொம்'னு முடிஞ்சிரும். பாட்டை முழுசா ஓட விடாம, சில விநாடிக்கு ஒரு தரம் மாத்திக்கிட்டே இருந்தோம். சத்தத்தோட நுணுக்கத்தை மூளை ரொம்ப நேரம் ஞாபகம் வச்சுக்காது.

பத்து ரவுண்டு. ஏழு தடவை மாமா குட்டியைத்தான் கை காட்டினார். கடை அண்ணனுக்கே ஆச்சரியம். ஆனா நான் ஒத்துக்கலை. காசு சுண்டிப் போட்டாலே பத்துக்கு ஏழோ அதுக்கு மேலயோ விழ 17 சதவிகிதம் வாய்ப்பு இருக்கு. இன்னொரு பத்து ரவுண்டு போனோம். மொத்தம் 20-க்கு 15. இது வெறும் அதிர்ஷ்டத்தில் வர, நூத்துக்கு ரெண்டு தடவைதான் சான்ஸ். எம்-3 பாடத்தில் தூங்காம இருந்ததுக்கு இப்படி ஒரு பலன்!

கட்டை அவிழ்த்ததும் மாமா டவரைப் பார்த்து, "இருந்தாலும் இதுல ஒரு கம்பீரம் இருக்குல்ல?"னார். மனுஷ மனசு சார்.

டவர் மட்டமான சரக்கு இல்லை. பெரிய ஹாலுக்கு அதுதான் பொருத்தம். மாமா ரூமோ பத்துக்குப் பத்து. பத்தடி இடைவெளியில் எதிரெதிர் சுவர் இருந்தா, 56 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிற பேஸ் ஒலி உள்ளேயே முட்டி மோதி வீங்கும். நீளமும் அகலமும் ஒண்ணுன்னா வீக்கம் டபுள். அங்கே டவரை நிறுத்தினா மிருதங்கம் தவிலாகிடும். 'நாப்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும்'கிற விளம்பரமும் வேண்டாத விஷயம். மனுஷக் காதுக்கு எல்லை இருபதாயிரம். அறுபது வயசில் அதுவும் நல்லாவே குறைஞ்சிருக்கும்.

குட்டி ஜோடி வீட்டுக்கு வந்துது. மிச்சப் பணத்துக்கு அத்தை அன்னிக்கே கொத்தனாரை வரச் சொல்லிட்டாங்க. முதல் நாள் கேட்டா, கிணத்துக்குள்ளே இருந்து பாடற மாதிரி இருந்துது. கிரானைட் தரை, வெறும் சுவர், எல்லாம் எதிரொலி! ஜமுக்காளம் விரிச்சு, புத்தக அலமாரியைப் பின் சுவரோரம் நகர்த்தி, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ரெண்டடி முன்னே இழுத்தோம். ரெண்டு ஸ்பீக்கரும் மாமா நாற்காலியும் சம முக்கோணம். பாடகர் குரல் நட்ட நடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து வரணும். அப்படி வராம, பேஸும் காணாமப் போனா ஒரு பக்கத்து ஒயர் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரம் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஸ்பெஷலா ஒண்ணு. கூம்பைச் சுத்தி இருக்கிற வளையம் ரப்பரா, ஃபோமான்னு கேட்டு வாங்குங்க. ஈரக் காத்துல ஃபோம் சீக்கிரம் மக்கி உதிரும். பின்னாடி ஒயர் முனையில் செம்பு பச்சை பிடிக்கும். அப்பப்போ வெட்டிப் புது முனை மாட்டணும். பெட்டி மேல தண்ணி படக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தை அத்தைகிட்ட சொல்லியாச்சு. ஆனாலும் இடது ஸ்பீக்கர் மேல ஒரு மணி பிளான்ட் தொட்டி உட்கார்ந்திருக்கு. பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.