எது பக்கா வீடு?

மண்சுவர் என்றாலே அரசாங்கத்துக்கு அது தற்காலிகம்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மண்ணையும் சுடாத செங்கல்லையும் நிலையான பொருட்களில் சேர்ப்பதில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் கல், மரம், சுடாத மண்கல் கொண்டு ஒன்பது மாடியாக எழும்பிய லே அரண்மனை இன்னும் நிற்கிறது. நல்ல தற்காலிகம்!

லடாக் கிராமத்தில் வீடு கட்டுகிறவர்கள் சதுர அடிக்கு முன்னால் திசையைப் பார்க்க வேண்டும். லே 34 டிகிரி வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் உச்சிவெயில் சுமார் 32 டிகிரி சாய்வில் விழும், ஜூனில் 79. தெற்கே பெரிய ஜன்னல், மேலே அளவான சன்ஷேட் வைத்தால் குளிர்கால வெயில் உள்ளே வரும், கோடை வெயில் வெளியிலேயே நிற்கும். பகலில் வாங்கிய சூட்டைத் தடித்த மண்சுவர் ராத்திரியில் மெதுவாகத் திருப்பித் தரும். நான் சாஃப்ட்வேர்காரன், எங்கள் ஆட்கள் இதற்கும் ஓர் ஆப் எழுதுவார்கள். தேவையே இல்லை சார். ஃபே கிராமத்தருகே செக்மோல் வளாகம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது.

நடப்பது என்ன? சமவெளிக்குப் போட்ட பிளானை அப்படியே மலையேற்றுகிறோம். மெல்லிய சிமென்ட் பிளாக் சுவர், ரோட்டைப் பார்த்த ஜன்னல். அப்புறம் குளிர்காலம் முழுக்க விறகும் சாணமும் மண்ணெண்ணெயும் எரிய வேண்டும். அந்தப் புகையை அதிகம் சுவாசிப்பது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்.

“2010 ஆகஸ்ட் வெள்ளத்தில் மண்வீடுகள் கரைஞ்சு போச்சே?” என்பார்கள். உண்மை. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வெள்ளம் கான்கிரீட்டையும் விடவில்லை. அதிலிருந்து படிக்க வேண்டிய பாடம்: நீரோடும் பாதையில் கட்டாதே, கல் அடித்தளத்தை உயர்த்து, கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டு, நடுக்கம் தாங்க மரப்பட்டையோ கான்கிரீட் பட்டையோ சுற்றிலும் போடு. சிமென்ட்டுக்கும் இடமுண்டு, அளவோடு.

மண்வீட்டைப் போட்டோ எடுத்துப் புல்லரிக்கும் நம் ஆட்களுக்கும் ஒன்று: அதை அவ்வப்போது பூசி மெழுக ஆள் வேண்டும், கூலி வேண்டும். அந்தக் கஷ்டத்தால் சிமென்ட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு உபதேசம் செய்யாதீர்கள். மண்சுவரைக் கணக்கிடச் சொல்லித்தராத பொறியியல் படிப்பைக் கேளுங்கள். அதைத் தற்காலிகம் என்று எழுதிவைத்த படிவத்தைக் கேளுங்கள். பக்காவா இல்லையா என்பதை, ஜனவரி ராத்திரி அந்த வீட்டுப் பாட்டி புகையில்லாமல் தூங்கினாரா என்று பார்த்து முடிவு செய்வோம்.