மலத்தின் நிறத்தைப் பாருங்கள்!

"வெயிலில் காட்டு, சரியாகிவிடும்!" திருவரங்கத்து வீதிகளிலும் பொன்மலைத் தொழிலாளர் குடியிருப்பிலும், பிறந்த குழந்தையின் கண் மஞ்சளித்தால் உடனே கிடைக்கும் தீர்ப்பு இது. தீர்ப்பில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து!

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சள் காணும். பெரும்பாலும் தானே மறையும். நாம் மறுக்கவில்லை. ஆனால் நிறைமாதக் குழந்தைக்கு 14 நாளும், குறைமாதக் குழந்தைக்கு 21 நாளும் கடந்தும் மறையாவிட்டால்? அப்போதும் பெரும்பாலானவை தாய்ப்பாலோடு வரும் தீங்கற்ற மஞ்சளே. (பாலை நிறுத்தச் சொல்லும் பாட்டிமார் பேச்சைக் கேட்க வேண்டாம்!) தைராய்டுக் குறைவும் அதே வேடத்தில் வரும். பித்தக்குழாய் அடைப்பும் அதே வேடத்தில்தான் வரும்.

வேடத்தைக் கலைப்பது எப்படி? தோழர்களே, குழந்தையின் துணியைப் பாருங்கள். மலம் சுண்ணாம்பு போல, களிமண் போல வெளுத்திருக்கிறதா? சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படிய விடுகிறதா? அது ஈரல் ஊதும் அபாயச் சங்கு! சிறிது இரத்தமெடுத்து, மொத்த பிலிருபின் எவ்வளவு, அதில் நேரடி பிலிருபின் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மொத்தத்தை மட்டும் பார்த்து அனுப்பினால், "பிரித்துப் பாருங்கள் ஐயா" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் கண்ட அறுவை, குடலை ஈரலோடு இணைத்துப் பித்தத்துக்கு வழி திறக்கிறது. 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் தள்ளத் தள்ள ஈரல் இறுகும். பிறகு மாற்று ஈரல்தான். அதற்கு அலைவது கூலிக்காரனுக்கு எளிதா?

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. பேறுகாலம் தாய் வீட்டில். முப்பது நாள் வாசல் தாண்டக்கூடாது. பிறந்தவுடன் போட்டதற்கு அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரத்தில். அதுவரை கீழாநெல்லிச் சாறும் தாயத்துமாய் நாள் ஓடுகிறது. ஆறு வாரமென்றால் 42 நாள். மிச்சம் 18! அதற்குள் இரத்தச் சோதனை, ஸ்கேன், அறுவை அத்தனையும் முடியவேண்டும். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. பதினைந்தாம் நாளே அங்கே தூக்கிச் சென்றால் என்ன தீட்டு வந்துவிடும்?

தைவான் நாடு 2004 முதல் மல நிற அட்டையைக் குழந்தை நலக் கையேட்டோடு தாயின் கையில் கொடுக்கிறது. நல்ல நிறம் இது, கெட்ட நிறம் இது என்று படம் சொல்லும். எழுத்தறியாத தாய்க்கும் புரியும். ஒரு காகித அட்டை அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? நம் பிரசவ வார்டு ஒவ்வொன்றிலும் அது கிடைக்கவேண்டும் என்று கேட்கிறோம்.

அதற்காகக் கிளைத் தோழர்கள் காத்திருக்க வேண்டாம். தெருவில் பிள்ளை பிறந்த வீடு இருந்தால், பதினைந்தாம் நாள் கதவைத் தட்டி, "மஞ்சள் போய்விட்டதா அம்மா? மலம் என்ன நிறம்?" என்று கேளுங்கள்.