ஐசியூ சிஸ்டரோட சம்பளம்: ஊருக்கு ஒரு விலை, உயிருக்கு என்ன விலை?

1/ நீளமான இழை. பொறுமையா படிங்க. உங்க வீட்டுல யாராவது ஒருநாள் ஐசியூவுல படுக்கத்தான் போறாங்க. அன்னைக்கு ராத்திரி 3 மணிக்கு அவங்க பக்கத்துல நிக்கப் போறது நான் இல்லை, என்னை மாதிரி இன்னொரு டாக்டரும் இல்லை. ஒரு சிஸ்டர். அவங்க சம்பளத்தைப் பத்தித்தான் பேசப் போறேன்.

2/ நான் அரசு மருத்துவமனை டாக்டர். ரவுண்ட்ஸ்ல ஒரு பெட் பக்கத்துல நான் நிக்கிறது சில நிமிஷம். நாரட்ரினலின் பம்ப் காலியாகப் போகுதுன்னு பார்க்குறது, ட்யூப்ல சளி அடைச்சா சக்‌ஷன் போடுறது, படுக்கைப்புண் வராம 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறது, சிறுநீர் குறைஞ்சா என்னை எழுப்புறது, எல்லாம் அவங்கதான்.

3/ இந்த ஒரே வேலைக்கு, ஒரே படிப்புக்கு, ஊரையும் முதலாளியையும் பொறுத்து சம்பளம் எப்படி மாறுதுன்னு பாருங்க. முதல்ல நம்ம அரசாங்கம்.

4/ 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) 7,243 செவிலியர் பணியிடங்களுக்குத் தேர்வு வெச்சுது. தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷம் கழிச்சு காலமுறை ஊதியம்னு சொன்னாங்க. போட்டித் தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, ஜெயிச்சு வந்தவங்க இவங்க. யாரும் சிபாரிசுல வரலை.

5/ ரெண்டு வருஷம் முடிஞ்சுது. 2017 நவம்பர் கடைசியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல ஆயிரக்கணக்குல வந்து உட்கார்ந்தாங்க. மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவுல, அண்ணா சாலையில, உங்க பஸ் தினமும் தாண்டிப் போற இடம்தான். தென்மாவட்டத்துல இருந்து கைக்குழந்தையோட வந்தவங்க எத்தனை பேர்!

6/ தொகை அப்புறம் 14,000 ஆச்சு, பிறகு 18,000. அங்கொன்னும் இங்கொன்னுமா சிலரை நிரந்தரம் பண்ணாங்க. மத்தவங்க பக்கத்து பெட்டை பார்க்கிற நிரந்தர செவிலியரைவிட பல மடங்கு குறைச்ச சம்பளத்துல, அதே ஷிஃப்ட்ல, அதே வென்டிலேட்டர் முன்னாடி நிக்கிறாங்க.

7/ 18,000-ஐ பிரிச்சுப் பாருங்க. மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 87 ரூபாய்கூட வரலை. தி.நகர்ல ஷாப்பிங் முடிச்சிட்டு ரெண்டு பேர் ஃபில்டர் காபி குடிச்சா ஆகிற காசு அது.

8/ இப்போ ஊர் விஷயத்துக்கு வாங்க. இதே சென்னை, பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. மத்திய அரசு செவிலியருக்கு 7-வது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900. அகவிலைப்படி தனி. சென்னை 'எக்ஸ்' வகை நகரம் என்பதால வீட்டு வாடகைப்படி 30 சதவீதம்.

9/ 44,900-ல் 30 சதவீதம் 13,470. அதாவது ஒருத்தருக்கு வாடகைக்குன்னு மட்டும் கொடுக்கிற பணம், அதே ஊர்ல இன்னொருத்தரோட மொத்தச் சம்பளத்துல முக்கால் பங்கு! ரெண்டு பேர் கையிலயும் இருக்கிறது அதே சிரிஞ்ச். நோயாளிக்கும் அதே நோய்.

10/ ஈ.சி.ஆர். பிடிச்சு ஒரு 150 கி.மீ. போங்க. புதுச்சேரி ஜிப்மர். அங்கேயும் அடிப்படை 44,900-தான். வாடகைப்படி மட்டும் அந்த ஊருக்கு ஏத்த மாதிரி குறையும். இதுதான் நியாயமான வித்தியாசம். அடிப்படைச் சம்பளம் எங்கேயும் ஒண்ணு, வாழ்க்கைச் செலவுக்கு ஏத்த படி மட்டும் ஊருக்கு ஊர் வேற.

11/ தொகுப்பூதியத்துல இது தலைகீழ். மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் 18,000, சென்னை ஐசியூவுக்கும் 18,000. வாடகைப்படி கிடையாது. ராயப்பேட்டையில வேலை பார்க்கிற பொண்ணு பக்கத்துல தனி வீடு எடுக்க முடியுமா? ஒரு ரூம்ல நாலு பேர், ஆறு பேர்னு ஹாஸ்டல்ல இருக்காங்க. நைட் டியூட்டி முடிச்சு வந்தா பகல்ல தூங்கக்கூட இடம் இல்லை.

12/ "தனியார்ல நல்லா தருவாங்களே டாக்டர்?" தப்பான நினைப்பு. இதுல உச்ச நீதிமன்றமே தலையிட்டிருக்கு. 2016 ஜனவரியில, தனியார் மருத்துவமனை செவிலியர் நிலைமையை ஆராய குழு போடச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவு. குழு என்ன பரிந்துரை பண்ணுச்சு தெரியுமா?

13/ 200 படுக்கைக்கு மேல இருந்தா, மாநில அரசு செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல இருந்தா அதைவிட 10 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. 50-லிருந்து 100 வரைக்கும் 25 சதவீதத்துக்கு மேல குறையக் கூடாது. 50-க்கும் கீழ உள்ள சின்ன நர்சிங் ஹோம்னாலும் குறைந்தது 20,000.

14/ நிதானமா திரும்பப் படிங்க. 2016-ல், தெருமுனை நர்சிங் ஹோமுக்கு சொன்ன அடிமட்டத் தொகை 20,000. பல வருஷம் கழிச்சும் நம்ம அரசு ஒப்பந்த செவிலியருக்கு கொடுக்கிறது 18,000. அரசே இப்படின்னா தனியார் முதலாளியை யார் கேட்கிறது?

15/ பரிந்துரைக்கு சட்டப் பல் கிடையாது. மாநில அரசு எழுத்துல போட்டால்தான் செல்லும். கேரளா போட்டுது. சும்மா போடலை. 2017-ல் பெரிய போராட்டம். 2018 ஏப்ரல்ல சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்தே போறோம்னு செவிலியர் சங்கம் அறிவிச்சுது. கிளம்புறதுக்கு முன்னாடியே குறைந்தபட்சம் 20,000-னு அரசாணை வந்துடுச்சு.

16/ ஆக, செங்கோட்டையில இருக்கிற பொண்ணு மலையைத் தாண்டி புனலூர் போனா சட்டப்படி ஒரு தரைத்தளம் உண்டு. கிழக்கே தென்காசி வந்தா? அதே படிப்பு, அதே கை. நடுவுல இருக்கிறது ஒரு மலையும் ஒரு அரசாணையும்.

17/ வெளிநாட்டுல என்ன பண்றாங்க? இங்கிலாந்து அரசு மருத்துவ சேவையில உள் லண்டன் செவிலியருக்கு அடிப்படைக்கு மேல 20 சதவீதம் தனிப்படி, வெளி லண்டனுக்கு 15, ஓரத்துக்கு 5. அமெரிக்காவுல 'டிராவல் நர்ஸ்'னே ஒரு வேலை இருக்கு. ஆள் பத்தாத ஊர் ஐசியூவுக்கு பொதுவா 13 வார ஒப்பந்தத்துல போவாங்க. தங்கவும் சாப்பிடவும் அந்த ஊர் செலவுக்கு ஏத்தபடி தனிப் பணம். ஊர் விட்டு ஊர் வந்தா அதிகம் தருவாங்க. நாம ஊர் விட்டு ஊர் வரவங்களைத்தான் அதிகமா சுரண்டுறோம்.

18/ நம்ம ஊர்லயும் டிராவல் நர்ஸ் உண்டு. கோவிட் ஞாபகம் இருக்கா? 2020-ல் ஒப்பந்தத்துல எடுத்து, எங்கே ஆள் வேணுமோ அங்கே அனுப்புனாங்க. பி.பி.இ. கிட்டுக்குள்ள மணிக்கணக்குல வேர்த்து நின்னாங்க. நாம மாடியில நின்னு கை தட்டினோம். 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை வீட்டுக்குப் போகச் சொன்னாங்க. புத்தாண்டுப் பரிசு. தெருவுக்கு வந்து போராடின பிறகு, மாவட்ட அளவுல 18,000-க்கு வேற ஒப்பந்த வேலை தரோம்னு பதில் வந்துது.

19/ இன்னொரு வகை, அடையாறு, மயிலாப்பூர் அபார்ட்மென்ட்ல 'ஹோம் ஐசியூ'. ஹால்ல பெட், ஆக்ஸிஜன், ஏஜென்சி அனுப்புற நர்ஸ், 12 மணி நேர ஷிஃப்ட். பிள்ளைங்க வெளிநாட்டுல இருந்து ஏஜென்சிக்குப் பணம் அனுப்புவாங்க. அதுல எவ்வளவு அந்த சிஸ்டர் கைக்குப் போகுதுன்னு கேட்டிருக்கீங்களா? ஒருநாள் கேளுங்க. பதில் வரும்போது உங்க முகம் மாறும்.

20/ "சின்ன ஊர்ல செலவு கம்மிதானே, சம்பளமும் கம்மியா இருந்தா என்ன?" வாடகை கம்மி, ஒத்துக்கிறேன். ஆனா கல்விக் கடன் தவணை திருநெல்வேலிக்கு ஒரு ரேட், சென்னைக்கு ஒரு ரேட்டா? கேஸ் சிலிண்டர்? அரிசி? அதுக்கும் மேல, சின்ன ஊர் ஐசியூவுலதான் டாக்டர்களும் குறைவு, சிஸ்டர் தலையிலதான் பொறுப்பு அதிகம்.

21/ "சம்பளம் ஏத்தினா பில் ஏறுமே?" உங்க ஐசியூ பில்லை எடுத்துப் பாருங்க. பெட் சார்ஜ், மானிட்டர் சார்ஜ், வென்டிலேட்டர் சார்ஜ், கூடவே 'நர்சிங் சார்ஜ்'னு ஒரு வரி இருக்கும். நீங்க ஏற்கெனவே கொடுத்துட்டு இருக்கீங்க. அது போய்ச் சேர வேண்டியவங்களுக்குப் போய்ச் சேருதாங்கிறதுதான் கேள்வி.

22/ "சேவை மனசு வேணும், காசு காசுன்னா எப்படி?" இதை 2019 அக்டோபர்ல அரசாணை 354-ஐக் கேட்டு நாங்க ஸ்ட்ரைக் பண்ணப்ப எங்ககிட்டயும் சொன்னாங்க. சேவைங்கிற வார்த்தை சம்பளம் கொடுக்காதவனுக்கு ரொம்ப வசதி. வீட்டு ஓனர் சேவையை வாடகையா எடுத்துக்க மாட்டார்.

23/ இதோட விளைவு என்ன? அனுபவம் வந்ததும் போயிடுவாங்க. ஐசியூ அனுபவம்தான் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் டிக்கெட். வெளிநாட்டுக்கு செவிலியரை அனுப்ப கிண்டியில தமிழக அரசே ஒரு நிறுவனம் நடத்துது. ஒரு கையால ஒப்பந்தத்துல வெச்சு வாட்டுவோம், இன்னொரு கையால வழியனுப்புவோம். 2014-ல் ஈராக் திக்ரித்ல போருக்கு நடுவுல மாட்டி மீண்ட 46 இந்திய செவிலியர்களை நினைச்சுப் பாருங்க. போர் நடக்கிற ஊர்தான் பரவாயில்லைன்னு ஒருத்தர் முடிவெடுக்கிறார்னா, இங்கே என்ன கொடுத்திருப்போம்?

24/ அவங்க போனா யாருக்கு நஷ்டம்? வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ்ங்கிறது அளவுகோல். ஒருத்தர் ரெண்டு மூணு பேரைப் பார்த்தா, சக்‌ஷன் தாமதமாகும், தொற்று கூடும், பெட் நாள் கூடும். சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசை உங்க நுரையீரல் கட்டும்.

25/ என்ன வேணும்? மூணே விஷயம். ஒப்பந்த செவிலியருக்கு காலமுறை ஊதியம், சொன்ன சொல்படி. அதுவரைக்கும் தொகுப்பூதியத்தோட ஊருக்கு ஏத்த வாடகைப்படி. தனியாருக்கு அந்த 2016 பரிந்துரையை இன்றைய விலைவாசிக்கு ஏத்தி, மீறினா தண்டனையோட, சட்டமா ஆக்கணும்.

26/ நீங்க செய்ய வேண்டியது? உங்க ஆளை ஐசியூவுல சேர்க்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. "இந்த ஷிஃப்ட்ல ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளி? இங்கே எத்தனை வருஷமா இருக்காங்க?" ஏசி, டைல்ஸ், லாபி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஓட்டு கேட்டு வர்றவர்கிட்டயும் இதையே கேளுங்க. எங்க சிஸ்டர்ஸ் கேட்டுக் கேட்டுத் தொண்டை வத்திப் போச்சு. இனி நோயாளியும் சேர்ந்து கேட்டாத்தான் கோட்டைக்குக் காது கேட்கும். (முற்றும்)