தாள் திரும்பாததால் தப்பிப்போன காது

1/ சோழவரம் பக்கம் கிளினிக் வச்சிருக்கேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்க நிறைய பேர் வருவாங்க. பிரஸ் ஷாப்ல வேலை செய்யும் ஒரு தம்பி வந்தார். "கூட்டத்துல யார் பேசினாலும் புரியல சார். ஆனா கம்பெனி செக்கப்ல காது நல்லா இருக்குன்னாங்க."

2/ அவர் கொண்டுவந்த தாளைப் பார்த்தேன். 500, 1000, 2000 ஹெர்ட்ஸ். மூணுமே நார்மல். அதோட அட்டவணை தாளின் ஓரத்தில் அறுந்து நிக்குது. 3000, 4000, 6000, 8000 எங்கே?

3/ மெஷின் இரைச்சல் காதைக் கெடுக்கும்போது அடி முதலில் விழுவது பெரும்பாலும் 3000 முதல் 6000 வரை, குறிப்பா 4000 பக்கத்தில். அதாவது, அவர் நோய் முழுக்க அச்சாகாத பாதியில் இருந்தது. திரும்ப டெஸ்ட் எடுத்தோம். 4000ல் நல்ல பள்ளம்.

4/ ரிப்போர்ட் அடிக்கிற பையனிடம் பேசினேன். வேர்டில் ஒரு மேக்ரோ. பட்டனைத் தட்டினா எல்லாருக்கும் பிரிண்ட் வரும். "லேண்ட்ஸ்கேப்னு தான் சார் எழுதியிருக்கு, பிரிண்டர் தான் கேக்கல."

5/ பிரிண்டர் மேல தப்பில்லை. வேர்டில் தாளின் வாட்டம் ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் தனி. மேக்ரோ, கர்சர் நின்ற செக்‌ஷனை மட்டும் திருப்பியிருக்கு. கவர் லெட்டர் படுத்துக்கிச்சு, அட்டவணை நின்னுக்கிட்டே இருந்தது!

6/ இதே மாதிரி மேக்ரோ வச்சிருக்கீங்களா? மூணு விஷயம் பாருங்க:
• கர்சரை நம்பாம, அட்டவணை இருக்கும் செக்‌ஷனின் எண்ணைச் சொல்லித் திருப்புங்க.
• செக்‌ஷன் பிரேக்கை அழிக்காதீங்க. அழிச்சா மேலே உள்ள பக்கம் கீழே உள்ளதன் வாட்டத்துக்கு மாறிடும்.
• பிரிண்ட் முடிஞ்சதும் மேக்ரோ தாளைப் பழையபடி திருப்புதா? அப்போ பேக்கிரவுண்ட் பிரிண்டிங்கை ஆஃப் பண்ணுங்க. இல்லேன்னா அச்சு முடியும் முன்னாடியே தாள் திரும்பிடலாம்.

7/ ஆனா என் கருத்து வேற. ஏழு அலைவரிசையை ஏன் பக்கவாட்டில் அடுக்கணும்? ஒன்றின் கீழ் ஒன்றா ஏழு வரி போடுங்க. நின்ற தாளிலேயே அடங்கிடும், மேக்ரோவே திருப்ப வேண்டாம். தாள் அறுந்தாலும் நோயாளிக்குப் பாதகம் வராத மாதிரி ரிப்போர்ட்டை அமைப்பதும் மருத்துவம் தான்.

8/ இரைச்சலால் போன கேட்கும் திறன் திரும்பாது. மேலும் போகாம தடுக்கத்தான் முடியும். அந்தத் தம்பிக்கு இயர் பிளக் இப்போ தான் ஆரம்பம். உங்க கையில செக்கப் ரிப்போர்ட் இருந்தா இன்னிக்கே வலது ஓரத்தைப் பாருங்க. கோடு மூடியிருக்கா?